அக்டோபரில் எங்கே போவது? மௌனப்பட காமெடி ரசிகர்களுக்கு ஓர் ஒப்பீடு

மௌனப்பட காமெடிப் பிரியர்களுக்கு அக்டோபர் முதல் வாரம் ஒரு தலைவலி. மௌனப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் பிறந்தது 1895 அக்டோபர் 4. அதை ஒட்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மஸ்கீகன் என்ற ஏரிக்கரை ஊரில், கீட்டன் ரசிகர்கள் கூடுகிறார்கள். அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜார்ஜியா மாநிலத்து ஹார்லெமில், லாரல்–ஹார்டி ஜோடியில் குண்டரான ஆலிவர் ஹார்டியின் பெயரில் திருவிழா. போதாததற்கு, இத்தாலியின் வடகிழக்கில் போர்டெனோனே என்ற ஊரில் எட்டு நாள் மௌனப்பட விழா தொடங்குவதும் அந்த நாட்களை ஒட்டித்தான். ஹார்டி பிறந்தது ஜனவரியில். அவருக்காவது வேறு தேதி பார்த்திருக்கலாம்.

நம் ஊரில் ஆயுத பூஜை விடுமுறை பல வருடங்களில் அந்தப் பக்கமாகவே வருவதால் லீவு சேர்த்து எடுக்க வசதிதான். எங்கே போவது என்பதுதான் கேள்வி. அக்டோபரை விட்டால் பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் இருக்கிறது, ஜூன் கடைசியில் இத்தாலியின் பொலோன்யா இருக்கிறது, ஏப்ரலில் விசாவே வேண்டாத ஒரு கொண்டாட்டம் குஜராத்தில் இருக்கிறது. விமான டிக்கெட்டும் விசாவும் சேர்ந்து ஒரு வருடச் சேமிப்பைத் தின்றுவிடும் என்பதால், யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. சாப்ளினும் கீட்டனும் போனிலேயே கிடைக்கும்போது, இவ்வளவு தூரம் போவானேன்?

கீட்டனின் 1920ஆம் வருடப் படம் 'ஒன் வீக்'. புதுமணத் தம்பதி தாங்களே பூட்டிக் கட்டிய கோணல் வீட்டை வேறு மனைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். வீடு சரியாக ரயில் தண்டவாளத்தின் மேல் சிக்கிக்கொள்கிறது. தள்ளிப் பார்க்கிறார்கள், நகரவில்லை. தூரத்தில் ரயில் வருகிறது. இருவரும் விலகி நின்று கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் வீட்டைத் தொடாமல் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று அவர்கள் மூச்சு விடும் அதே நொடியில், எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தவிடுபொடியாக்குகிறது. தனியாக உட்கார்ந்து பார்த்தால், கெட்டிக்காரத்தனமான காட்சி என்று தோன்றும், புன்னகை வரும். முந்நூறு பேரோடு பார்த்தால் கதை வேறு. முதல் ரயில் விலகிப் போனதும் அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழும். இரண்டாவது ரயில் அந்த மூச்சின் நடுவில்தான் வந்து மோதும். கீட்டன் அந்தப் பெருமூச்சுக்கு என்று இடம் விட்டுத்தான் காட்சியை அமைத்திருக்கிறார். கூட்டம் இல்லாவிட்டால் அந்த இடம் வெறும் இடைவெளி.

ஆகவே இந்த விழாக்களை ஒப்பிடும்போது படப் பட்டியலின் நீளத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரங்கில் யார் உட்காருகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், மொத்த நேரத்தில் காமெடிக்கு எவ்வளவு பங்கு என்ற மூன்றையும்தான் பார்க்கிறேன்.

போர்டெனோனே

1976இல் ஃபிரியூலி பகுதியை ஒரு பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பிறகு அங்கே ஜெமோனா ஊரில் ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் முளைத்தது. அதோடு தொடர்புடையவர்கள் 1982இல் போர்டெனோனேயில் மாக்ஸ் லிண்டர் படங்களைப் போட்டுச் சின்னதாக ஒரு விழா நடத்தினார்கள். லிண்டர் பிரெஞ்சுக்காரர், சாப்ளினுக்கு மூத்தவர். சாப்ளினே தன்னை அவருடைய சீடன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆக, இன்று ஆராய்ச்சியாளர்களின் கோட்டையாக இருக்கும் இந்த விழாவின் பிள்ளையார் சுழி ஒரு காமெடியனுக்குப் போட்டது. சாப்ளினின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டேவிட் ராபின்சன் 1997 முதல் 2015 வரை இதன் இயக்குநராக இருந்தார்.

காலையில் தொடங்கி நள்ளிரவு வரை படம். வெர்டி அரங்கம்தான் மையம். பொலோன்யாவில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் படம் ஓடும், எதை விடுவது என்று தவிக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். இடைவேளையில் காபிக் கடையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பேச விஷயம் இருக்கும். நடுவே வரும் எழுத்து அட்டைகள் எந்த மொழியில் இருந்தாலும் இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் கீழே ஓடும். தனியாகப் போகும் கூச்ச சுபாவக்காரருக்கு இதைவிட வசதியான விழா இல்லை என்பது என் எண்ணம்.

இசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மௌனப்படத்துக்கு வாசிப்பதற்கென்றே இளம் கலைஞர்களுக்கு இங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பியானோக்காரர் திரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். முன்னால் நோட்டு இருக்காது, இருந்தாலும் கண் அதில் இருக்காது, தலை நிமிர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். நடிகர் வழுக்கி விழும்போதெல்லாம் கட்டையைத் தட்டுபவர் கற்றுக்குட்டி. கைதேர்ந்தவர் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் கையை எடுத்துவிடுவார். அரங்கம் சிரித்து முடியும்வரை சின்னதாக ஒரு சுரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும் இடத்தில் மெட்டை மறுபடி எடுப்பார். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போட்டுக் கேட்ட நம் ஆட்களுக்கு இதில் உள்ள சூட்சுமம் உடனே பிடிபடும்.

இனி குறை. எட்டு நாளும் காமெடி கிடைக்காது. ஜப்பானியத் துயரக் கதை, உக்ரைன் படம், ஸ்காண்டிநேவியக் குடும்பச் சோகம், 1900களின் ஒரு நிமிடச் செய்திப்படங்கள் என்று எல்லாம் வரும். காமெடிக்கு என்று ஒரு பகுதி இருந்தாலும் அதன் அளவு வருடத்துக்கு வருடம் மாறும். ஆனால் வேறெங்கும் பார்க்க முடியாத காமெடி இங்கேதான் தலைகாட்டுகிறது. 2017இல் தொடங்கி, தொடக்க கால சினிமாவின் அடங்காப்பிடாரிப் பெண்களைப் பற்றி ஒரு தொடரைப் போட்டார்கள். அதில் வரும் லியோன்தீன் என்ற பிரெஞ்சுச் சுட்டிப்பெண், தன் பொம்மைப் படகு மிதக்க வேண்டும் என்பதற்காக வீட்டையே தண்ணீரால் நிரப்பிவிடுவாள். கீழ்வீட்டுக்காரர்கள் நனைந்து கத்துவார்கள். அவளுக்குக் கவலையே இல்லை, படகு மிதக்கிறதல்லவா! அந்தப் பாத்திரத்தில் நடித்த பெண்ணின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தொடரின் தொடர்ச்சியாக 2022இல் 99 படங்கள் கொண்ட டிவிடி தொகுப்பே வெளிவந்தது. சாப்ளின், கீட்டன், ஹெரால்ட் லாயிட் என்ற மூன்று பிரபல காமெடியன்களோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்தப் பெண்கள் நல்ல மருந்து.

2013இல் இன்னொரு கூத்து. அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தன் 'சிட்டிசன் கேன்' படத்துக்கு முன்பே, 1938இல், ஒரு நாடகத்தோடு சேர்த்துப் போடுவதற்காக மௌன காமெடி பாணியில் துரத்தல் காட்சிகள் எடுத்திருந்தார். தொலைந்துபோனது என்று நினைத்த அந்தச் சுருள் போர்டெனோனேயிலேயே ஒரு கிடங்கில் கிடந்தது. அந்த வருட விழாவில் முதல்முறையாகப் போட்டார்கள். நாயகன் நியூயார்க் தெருவில் போகிற வருகிறவர்களின் தொப்பியை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டு ஓடும் காட்சியைப் பார்த்தால், துரத்தல் காமெடிப் படங்களுக்குப் பேர்போன தயாரிப்பாளர் மாக் சென்னட்டின் பரம ரசிகர் வெல்ஸ் என்பது விளங்கும்.

மஸ்கீகன்

கீட்டன் குடும்பம் பல்சுவை நிகழ்ச்சி மேடைகளில் ஊர் ஊராக ஆடிப் பிழைத்த குடும்பம். அப்பா, அம்மா, பஸ்டர் மூவரும் சேர்ந்து 'மூன்று கீட்டன்கள்' என்று ஆடினார்கள். கோடையில் அரங்குகள் மூடிக்கிடக்கும். அப்போது தங்குவதற்கு மஸ்கீகனில் பிளஃப்டன் என்ற பகுதியில் அப்பா ஜோ கீட்டன் 1908இல் ஒரு வீடு கட்டினார். அவரைப் போன்ற நடிகர்கள் பலர் அங்கே குடியேறி அது நடிகர் காலனியே ஆனது. மீன் பிடித்தல், பேஸ்பால், அக்கம்பக்கத்தாரை ஏமாற்றும் குறும்பு இயந்திரங்கள் என்று போன அந்தக் கோடைகள்தான் தன் வாழ்க்கையின் சிறந்த கோடைகள் என்று கீட்டன் பிற்காலத்தில் சொன்னார்.

1992இல் தொடங்கிய சர்வதேச பஸ்டர் கீட்டன் சங்கம் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். சங்கத்தார் தங்களை 'டாம்ஃபினோஸ்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். கீட்டனின் 1921ஆம் வருடப் படம் ஒன்றில் மூழ்கும் படகுக்கு அந்தப் பெயர். வெள்ளி, சனி என்று இரண்டு நாளில் முடிந்துவிடும் மாநாடு. பேச்சு, படம், பிளஃப்டனைச் சுற்றிப் பார்ப்பது என்று போகும். சனிக்கிழமை 1930இல் கட்டிய ஃபிராவென்தால் அரங்கில் படம் போடுகிறார்கள். அந்த அரங்கில் பழைய பார்ட்டன் குழாய் ஆர்கன் இன்னும் வேலை செய்கிறது. வாசலில் கேமராவோடு கீட்டனின் சிலை.

இங்கே வருபவர்கள் போர்டெனோனே ஆட்கள் அல்ல. காப்பகக்காரர்களும் பேராசிரியர்களும் குறைவு, கீட்டன் என்ற மனிதர் மீது பாசம் வைத்தவர்கள் அதிகம். அவர் குடித்தழிந்த வருடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலக் குரல் தாழும். இது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குக் கொஞ்சம் திகட்டும். எனக்கு இரண்டும் உண்டு.

ஆனால் கணக்குப் பார்த்தால், சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரண்டு நாள் மாநாட்டுக்காக அமெரிக்க விசா நேர்காணலுக்குக் காத்திருந்து, கண்டம் தாண்டிப் போவது கட்டுப்படியாகாது. அதே சமயம் டெட்ராய்ட் பக்கம் டிராயிலோ ஃபார்மிங்டன் ஹில்ஸிலோ குடியிருக்கும் தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மஸ்கீகன் மூன்று மணி நேரக் கார்ப் பயணம். சனிக்கிழமை காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். கீட்டனைப் பிடிக்கும் ஒருவர் மிச்சிகனில் இருந்துகொண்டு இதற்குப் போகாமல் இருக்க எந்தச் சாக்கும் கிடையாது.

ஹார்லெம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஹார்டி பிறந்த சின்ன ஊர். ஒருநாள் திருவிழா, ஊர்வலம், கடைகள், லாரல்–ஹார்டி வேஷம், கூடவே ஒரு அருங்காட்சியகம். ஊர்ப் பொருட்காட்சி என்ற மனநிலையில் போனால் நன்றாகப் பொழுது போகும். உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான். அட்லாண்டாவில் இருப்பவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வரலாம்.

பிரிஸ்டலும் பொலோன்யாவும்

அக்டோபர் ஒத்துவராது என்றால், காமெடி மட்டும் போதும் என்பவருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது இங்கிலாந்தின் பிரிஸ்டல். 2005 முதல் அங்கே ஸ்லாப்ஸ்டிக் விழா நடக்கிறது. முன்பு ஜனவரி, இப்போது பிப்ரவரி. சில நாட்கள்தான், ஆனால் முழுக்க முழுக்கச் சிரிப்பு. சாப்ளின், கீட்டன், லாயிட் படம் ஒன்றைப் பெரிய அரங்கில் முழு இசைக்குழுவோடு போடும் இரவுதான் அதன் உச்சம். பிரிட்டிஷ் டிவியின் இன்றைய காமெடி நட்சத்திரங்கள் மேடையேறி, தங்களுக்குப் பிடித்த பழைய படத்தை அறிமுகம் செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அறிஞர்கள் அல்ல, டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு வந்த ஊர்க்காரர்கள். அதுதான் பிரிஸ்டலின் பலம். ஒரு காட்சியை நாற்பதாவது முறை பார்ப்பவரின் சிரிப்பு வேறு. முதல் முறை பார்க்கும் பத்து வயதுப் பையனின் சிரிப்பு வேறு. இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் உட்காரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

குறை என்னவென்றால், மௌனப்படங்களோடு எழுபதுகளின் பிரிட்டிஷ் டிவி காமெடிக்கும் நிகழ்ச்சிகள் ஒதுக்குகிறார்கள். அவற்றைப் பார்த்து வளராத நமக்கு அங்கே மற்றவர்கள் எதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்றே சில சமயம் புரியாது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனித்தனி டிக்கெட் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடலாம். லண்டனில் இருப்பவர்களுக்குப் பாடிங்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இந்தியாவிலிருந்து போவதென்றால் பிரிட்டனுக்குத் தனி விசா, பிப்ரவரிக் குளிர், சில நாள் விழா. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொலோன்யாவில் நடக்கும் பழைய படங்களின் விழாவான 'சினிமா ரித்ரொவாத்தோ' 1986இல் தொடங்கியது. இப்போது நூற்றுக்கணக்கான படங்கள், அரங்குகள் பல. பேசும் படங்களே அதிகம், மௌனப்படம் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஊருக்கும் சாப்ளினுக்கும் தனி உறவு உண்டு. சாப்ளின் குடும்பத்தின் காகிதங்களை டிஜிட்டலாக்கியதும், அவர் படங்களை ஒன்றொன்றாகப் புதுப்பித்ததும் பொலோன்யாவின் சினிமாக் காப்பகம்தான். சாப்ளினின் 'கோல்ட் ரஷ்' வெளியானது 1925 ஜூன் 26. நூறு வருடம் நிறைந்ததை ஒட்டி அதன் புதிய 4கே பிரதி 2025 மே மாதம் கான் விழாவில் முதலில் போடப்பட்டு, ஜூன் 26 அன்று உலகின் பல நாடுகளில் ஒரே நாளில் திரைக்கு வந்தது. அதன் வேலை நடந்ததும் பொலோன்யாவில்தான்.

இரவானால் மாஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டிவிடுவார்கள். டிக்கெட் கிடையாது, ஆயிரக்கணக்கில் கூட்டம். நாற்காலி கிடைக்காதவர்கள் தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலம் நினைவிருப்பவர்களுக்கு அந்த இரவு அந்நியமாகத் தெரியாது. சினிமாப் பைத்தியம் இல்லாத துணைவரையும் குழந்தைகளையும் கூட்டிப் போவதென்றால் பொலோன்யாதான் சரி. பகலில் அவர்கள் ஊர் சுற்றட்டும், இரவில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கலாம். வெயில் மட்டும் கொளுத்தும். அது நமக்குப் புதிதில்லை.

இன்னொரு வசதி, ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் சுவிட்சர்லாந்தும் அதில் அடக்கம். சாப்ளின் 1953 முதல் 1977இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு வெவே ஊருக்கு அருகே இருக்கிறது. 2016இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அடுத்த வருடம் அவருடைய பிறந்தநாளைச் சாக்காக வைத்து 662 பேர் தொப்பி, கைத்தடி, மீசையோடு அங்கே கூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்திலேயே இருக்கிறதா பாருங்கள்

அமெரிக்காவில், அதிலும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் எனக்கு ஒரு புகார் உண்டு. ஃபிரிமான்ட்டில் வீடு வாங்குகிறார்கள், தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், அதே ஃபிரிமான்ட்டின் ஒரு பகுதியான நைல்ஸ் பக்கம் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. 1915இல் சாப்ளின் எஸ்ஸனே நிறுவனத்துக்காக இங்கே தங்கி ஐந்து படங்கள் எடுத்தார். அதில் ஒன்று 'தி டிராம்ப்'. காதலித்த பெண்ணுக்கு வேறொருவன் இருப்பது தெரிந்ததும் நாடோடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். மண் சாலையில் நமக்கு முதுகைக் காட்டி, தோள் தொங்க, கால் இழுத்து இழுத்துப் போகிறான். கொஞ்ச தூரம் போனதும் உடம்பை ஒரு குலுக்கு, காலை ஒரு உதறு, அப்புறம் துள்ளு நடை. பிற்பாடு உலகமே சாப்ளினின் முத்திரையாக அறிந்துகொண்ட அந்த முடிவு, நைல்ஸை ஒட்டிய பள்ளத்தாக்குச் சாலையில் எடுத்தது.

1913இல் கட்டிய ஒரு குட்டி அரங்கில் நைல்ஸ் அருங்காட்சியகத்தார் சனிக்கிழமை இரவுகளில் பியானோவோடு மௌனப்படம் போடுகிறார்கள். ஜூன் மாதம் சாப்ளின் நாட்கள் என்று ஊரே கொண்டாடுகிறது. விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம். பெரிய அரங்கில் இசைக்குழுவோடுதான் வேண்டும் என்றால், பக்கத்திலேயே சான்பிரான்சிஸ்கோ மௌனப்பட விழா இருக்கிறது. ஆனால் அதன் பழைய இடமான காஸ்ட்ரோ அரங்கில் புதுப்பிப்பு வேலை தொடங்கியதால் 2024இல் அது வேறு இடத்துக்கு மாற வேண்டியிருந்தது. தேதியையும் இடத்தையும் உறுதி செய்யாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

லாரல்–ஹார்டி பிரியர்களுக்கு இன்னும் சுலபம். 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' என்ற அவர்களுடைய ரசிகர் சங்கம், ஸ்டான் லாரல் உயிரோடு இருந்தபோதே பேச்சுத் தொடங்கி அமைந்தது. கிளைகளுக்குக் கூடாரம் என்று பெயர், ஒவ்வொரு கூடாரத்துக்கும் அவர்களின் ஒரு படத்தின் தலைப்பு. கிளாஸ்கோ கூடாரத்துக்கு 'பானி ஸ்காட்லாந்து'. தலைவருக்குப் பட்டம் ஷேக். விதிமுறைகளே கேலியாக எழுதப்பட்டவை. சாப்பாடு, கோப்பை உயர்த்தல், இரண்டு மூன்று குறும்படம், பாட்டு என்று ஒரு மாலை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சர்வதேச மாநாடும் உண்டு. மற்ற விழாக்களைப் போல அமைதியாக உட்கார்ந்து ரசிப்பது இதில் குறைவு, அரட்டையும் கும்மாளமும் அதிகம். பிரிட்டனில் இருப்பவர்கள் லாரல் பிறந்த அல்வர்ஸ்டனுக்கும் ஒரு நடை போகலாம். அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, 1947இல் இருவரும் மாடியில் நின்று கையசைத்த மண்டபத்துக்கு வெளியே சிலையும் இருக்கிறது.

சரி, தமிழ்நாட்டில் இருப்பவர்கள்? குஜராத்தின் கட்ச் பகுதியில், காந்திதாமுக்குப் பக்கத்தில் ஆதிப்பூர். அங்கே ஓர் ஆயுர்வேத மருத்துவர் 1973இல் தொடங்கிய சாப்ளின் ரசிகர் வட்டம் அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 16ஆம் தேதியை ஊர்த் திருவிழாவாகவே ஆக்கிவிட்டது. இளவயதில் 'கோல்ட் ரஷ்' பார்க்கப் போய், வேலைக்குப் போக மறந்து, வேலையே போனவர் அந்த மருத்துவர். குழந்தைகள், பெரியவர்கள், பெண்கள் என்று எல்லோரும் சாப்ளின் மீசை வரைந்துகொண்டு, ஒட்டக வண்டியோடு ஊர்வலம் போவார்கள். கேக் வெட்டுவார்கள், படம் போடுவார்கள். பியானோ இருக்காது, புதுப்பித்த பிரதியும் இருக்காது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. கூட்டமும் சிரிப்பும்தான் வேண்டும் என்றால், செலவுக்குக் கிடைக்கும் பலனில் ஆதிப்பூரை வேறு எதுவும் நெருங்க முடியாது.

புதுச் செய்தி முதலில் யாருக்கு?

சிலர் விழாவுக்குப் போவது படத்துக்காக மட்டுமல்ல. தொலைந்த படம் கிடைத்தது என்ற செய்தியை முதல் ஆளாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். அமெரிக்க மௌனப்பட முழுநீளப் படங்களில் வெளிவந்த அதே வடிவில் முழுதாக எஞ்சியிருப்பவை சுமார் 14 சதவீதம்தான் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதனால் எந்தப் பரணில் எது கிடக்கிறது என்ற ஆவல் இந்தக் கூட்டத்தில் தணிவதே இல்லை.

மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் ஒருவர் கீஸ்டோன் என்ற பழைய காமெடி நிறுவனத்தின் படம் என்று வாங்கிய சுருளில், போலீஸ்காரராகச் சில நிமிடம் வந்துபோவது சாப்ளின் என்று தெரிந்தது. 1914இல் வெளியான 'எ தீஃப் காட்சர்' அது. 2010இல் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் நடந்த ஸ்லாப்ஸ்டிகான் என்ற ரசிகர் கூடுகையில்தான் அதை முதலில் போட்டார்கள். லாரல்–ஹார்டியின் 1927ஆம் வருடப் படத்தில் வரும் பிரசித்தி பெற்ற சண்டை, அதாவது 'பை' என்ற கிரீம் பண்டத்தை ஒருவர் மேல் ஒருவர் எறியும் காட்சி, பல பத்தாண்டுகள் வெட்டித் தொகுத்த துண்டுகளாகத்தான் கிடைத்தது. அந்தச் சுருள் முழுதாகக் கிடைத்த செய்தி 2015இல் வெளிவந்ததும் வர்ஜீனியாவில்தான். கல்பெப்பரில், பெயர் தெரியாத படங்களைத் திரையில் ஓட்டி, வந்தவர்கள் கார் நம்பர், கடைப் பலகை, நடிகர் முகம் எல்லாம் பார்த்து 'இது இன்ன படம்' என்று கத்திச் சொல்லும் ஒரு பயிலரங்கு நடந்தது. அங்கேதான் சொன்னார்கள். இரண்டும் பெரிய விழாக்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். செய்திக்காகப் போவதென்றால் சேகரிப்பாளர்கள் வரும் சின்ன இடங்கள்தான் சரி. ஆனால் எந்த வருடம் எது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை நம்பி லட்ச ரூபாய் செலவழிப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம்.

வீட்டிலிருந்தபடி

போகவே முடியாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, போர்டெனோனே விழா 2020 முதல் ஒரு பகுதியை இணையத்திலும் தருகிறது. அதே 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கியதும், நியூயார்க்கைச் சேர்ந்த பென் மாடல் தன் வீட்டுப் பியானோவில் வாசிக்க, காமெடி வரலாற்று ஆய்வாளர் ஸ்டீவ் மாசா முன்னுரை சொல்ல, ஞாயிறுதோறும் யூடியூபில் குறும்படங்களை நேரலையில் போட்டார்கள். பெயர் கேள்விப்படாத காமெடியன்களை அறிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை.

இன்னொன்று, நாமே போடுவது. இந்தியச் சட்டப்படி திரைப்படக் காப்புரிமை வெளியான வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள். ஆகவே 1920களின் படங்கள் இங்கே பொதுச்சொத்து. கவனிக்க வேண்டியது இசை. சாப்ளின் தன் பழைய படங்கள் பலவற்றுக்குப் பிற்காலத்தில் தானே இசை அமைத்துச் சேர்த்தார். இசைக்கான உரிமை அதை இயற்றியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். புதிதாகத் தயாரித்த பிரதிகளுக்கும் அவரவர் நிபந்தனைகள் இருக்கும். ஆகவே பழைய பிரதியை எடுத்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டு, கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிக்கும் ஒருவரையும் உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அபார்ட்மென்ட் மொட்டைமாடி போதும். முதல் படமாக 'ஒன் வீக்' போடுங்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போவதென்றால் போர்டெனோனே. காமெடி குறைவு என்ற குறையை மீறி இதைச் சொல்லக் காரணம், எட்டு நாள் ஒரே கூட்டத்தோடு உட்கார்வதில் உண்டாகும் நெருக்கமும், உலகின் தேர்ந்த பியானோக்காரர்கள் மாறி மாறி வாசிப்பதைக் கேட்பதும் வேறெங்கும் இந்த அளவில் கிடைக்காது. சோகப்படம் என்றாலே எழுந்து போய்விடுவேன் என்பவர் அங்கே போக வேண்டாம், பிரிஸ்டலுக்குப் போகட்டும். குடும்பத்தோடு என்றால் பொலோன்யா. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருப்பவர்கள் முதலில் நைல்ஸ், மஸ்கீகன், பக்கத்துக் கூடாரம் ஆகியவற்றை முடித்துவிட்டு அப்புறம் கடல் தாண்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

போர்டெனோனே என்று முடிவாகிவிட்டால் வெனிஸுக்கு விமானம் எடுங்கள், அங்கிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சின்ன ஊர் என்பதால் அரங்குக்குப் பக்கத்து ஹோட்டல்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். கோடைச் சுற்றுலாக் கூட்டத்தில் விசா நேரம் கிடைப்பதும் கஷ்டம். அக்டோபர் பயணத்துக்கு மே மாதமே விண்ணப்பத்தைத் தயார் செய்துவிடுங்கள்.